கோப்ரோ வீடியோ ஃப்ரீயான்னு கேக்கறீங்க, ஆக்சிஜன் இருக்கான்னு யார் கேப்பாங்க?

1.
வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. நம்ம பாலாத்தங்கரைப் பசங்க இப்போ நாலு நாள் லீவு கிடைச்சா பாண்டி, பாண்டி போனா ஸ்கூபா. சிலர் கோவளம், நீலாங்கரை. வசதி இருந்தா அந்தமான். நல்ல விஷயம்தான். கடலுக்கு அடியில அரை மணி நேரம் மீன் கூட்டத்தோட இருக்கறது எந்த தீம் பார்க்கிலயும் கிடைக்காது. போகாதீங்கன்னு சொல்ல வரல. ஆனா எந்தப் படகுல ஏறப் போறோம்னு நாம முடிவு பண்ற லட்சணம் இருக்கே, அதைப் பத்தி கொஞ்சம் காட்டமா பேச வேண்டியிருக்கு. நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

2.
புக்கிங்குக்கு போன் போடறப்ப நம்ம ஆளுங்க கேக்கற கேள்விகள் வரிசையா இதுதான்: "எவ்ளோ? ஆறு பேர் வந்தா குறைப்பீங்களா? போட்டோ, வீடியோ ஃப்ரீயா? நீச்சல் தெரியாது, பரவாயில்லயா?" கடைசிக் கேள்விக்கு பதில் எப்பவும் ஒண்ணே ஒண்ணுதான்: "ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், நாங்க பாத்துக்கறோம்." அவ்ளோதான். ஜிபே பண்ணியாச்சு.

3.
நம்ம ஊர்ல ஒரு தோல் வாங்கறதுக்கு என்னென்ன பாக்கறோம்? தடவிப் பாத்து, மடிச்சுப் பாத்து, வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்து, எங்க தழும்பு, எங்க ஓட்டைன்னு தேடி, கிரேடு பிரிச்சு, அப்புறம்தான் விலை பேசறோம். சதுர அடிக்கு சில்லறைக் காசு வித்தியாசத்துக்கு அரை நாள் பேரம் நடக்கும். அதே ஆளு, தன் உயிரையும் பிள்ளை உயிரையும் ஒப்படைக்கற படகை ஒரு இன்ஸ்டா ரீல் பாத்து எடுக்கறாரு. என்ன கணக்கு சார் இது?

4.
முதல்ல உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன், அப்பதான் என் கோவம் புரியும். கரையில நம்ம மேல இருக்கற காத்தழுத்தம் 1 அட்மாஸ்பியர். கடல்ல 10 மீட்டர் இறங்கினா 2 ஆயிடும். அங்க சிலிண்டர்லேர்ந்து நெஞ்சு நிறைய மூச்சு இழுக்கறீங்க. அந்தக் காத்து 2 மடங்கு அழுத்தத்துல இருக்கற காத்து. மூச்சை அடக்கிக்கிட்டே மேல வந்தா அது 2 மடங்கா விரியும். நுரையீரல் 2 மடங்கா விரியாது. கிழியும்.

5.
இது ஒண்ணும் புதுக் கண்டுபிடிப்பு இல்ல. 1662-ல ராபர்ட் பாயில் எழுதினது, பத்தாவது படிக்கறவரைக்கும் ஏதோ ஒரு வகுப்புல எல்லாரும் மனப்பாடம் பண்ணினது. கிழிஞ்ச நுரையீரல்லேர்ந்து காத்துக் குமிழி ரத்தத்துல கலந்து மூளைக்குப் போனா, தண்ணிக்கு மேல வந்த நிமிஷத்துல பக்கவாதம், வலிப்பு, மயக்கம். சுமார் ஒரு மீட்டர் ஆழத்துலேர்ந்து மூச்சடக்கி எழுந்தவங்களுக்கே இப்படி ஆனது மருத்துவ நூல்கள்ல பதிவாகி இருக்கு. "நாங்க ஆழத்துக்கே போகல டாக்டர்"ங்கறது பாதுகாப்பு கிடையாது.

6.
இப்போ நீச்சல் தெரியாத ஒருத்தரை நினைச்சுப் பாருங்க. மாஸ்க்குக்குள்ள தண்ணி வருது. பயம். தண்ணின்னாலே மூச்சை அடக்கித்தான் அவருக்குப் பழக்கம். சின்ன வயசுல கிணத்துல, ஏரியில கத்துக்கிட்டது அதுதான். அவர் மூச்சடக்கி மேல பாயறாரு. அந்த ஒரு நொடியில அவர் கையைப் பிடிச்சு நிறுத்தி, மூச்சு விட வைக்க ஒரு ஆள் பக்கத்துல இருக்கணும். அந்த ஆள் இருக்காரா, இல்ல எதிர்ல நின்னு கோப்ரோவுல வீடியோ எடுத்துக்கிட்டு இருக்காரா? நீங்க காசு கொடுத்தது எதுக்கு?

7.
அதனாலதான் ஆள் கணக்கு. 'பாடி' அமைப்போட விதிப்படி, முதல் தடவை இறங்கறவங்களுக்கு ஆழம் அதிகபட்சம் 12 மீட்டர், வயசு குறைஞ்சது 10. கடல்ல ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு அதிகபட்சம் 4 பேர். இது மேல் வரம்பு. கலங்கின தண்ணி, நீச்சல் தெரியாத ஆளுன்னா ஒருத்தருக்கு ஒருத்தர்தான் சரி. நல்ல இடங்கள்ல அப்படித்தான் பண்றாங்க. "கூட்டம் ஜாஸ்தி சார், இன்னிக்கு மட்டும் ரெண்டு ரெண்டு பேரா போங்க"ன்னு சொன்னா, இறங்காதீங்க. பணம் போனா போகட்டும்.

8.
அடுத்தது ஃபாரம். படகு ஏறறதுக்கு முன்னாடி ஒரு மெடிக்கல் ஃபாரம் தருவாங்க. தரலன்னா அங்கேயே திரும்பிடுங்க. 2020-லேர்ந்து உலகம் பூரா ஒரே மாதிரி, முதல் பக்கத்துல 10 கேள்வி. ஆஸ்துமா, நெஞ்சு ஆபரேஷன், 45 வயசுக்கு மேல சிகரெட், கொலஸ்ட்ரால், வலிப்பு, காது, சர்க்கரை. ஒரு கேள்வி, ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல தூரத்தை 14 நிமிஷத்துல நடக்க முடியுமான்னு கேக்குது. நம்மள்ல எத்தனை பேருக்கு முடியும்னு நேர்மையா யோசிச்சுப் பாருங்க.

9.
இந்த ஃபாரம் எப்படி நிரப்பப்படுதுன்னு ஊருக்கே தெரியும். பேனாவை கையில குடுத்து, "எல்லாத்துக்கும் நோ போட்டுடுங்க, இல்லன்னா இறங்க முடியாது"ன்னு சொல்றது. இதுக்குப் பேரு மெடிக்கல் செக்கப்பா? நாளைக்கு ஏதாவது ஆனா "கஸ்டமர் மறைச்சுட்டாரு"ன்னு கோர்ட்டுல காட்டறதுக்கு வாங்கி வெச்சுக்கற ரசீது இது. உங்க நுரையீரலைப் பாதுகாக்க இருக்கற காகிதம், அவங்களைப் பாதுகாக்கற காகிதமா மாறிடுது. அதுல கையெழுத்து உங்களுது.

10.
ஆனா பழியை முழுசா படகுக்காரங்க மேல போட்டுட்டு நாம தப்பிக்க முடியாது. நம்ம பக்கம் மறைக்கறது ஒரு கலாச்சாரம். ஆஸ்துமா இருக்குன்னா பொண்ணுக்கு வரன் வராது, அதனால இன்ஹேலரை பையில ஒளிச்சு வைக்கறோம். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடறது சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது. டி.பி. வந்து ஆறு மாசம் மருந்து சாப்பிட்டது பக்கத்து வீட்டுக்கே தெரியக் கூடாது. இவ்ளோ பழகினவங்களுக்கு ஃபாரத்துல நோ போடறது கை கூசாது. சம்பந்தி ஏமாறுவாரு. கடல் ஏமாறாது.

11.
நம்ம தோல் பெல்ட்டுக்கு இது ரெண்டு மடங்கு முக்கியம். ஃபினிஷிங் செக்ஷன்ல ஸ்ப்ரே அடிக்கறவங்க, பஃபிங் தூசியில நிக்கறவங்க, ஷூ கம்பெனியில பசையும் சால்வெண்ட்டும் சுவாசிக்கறவங்க. இவங்கள்ல வேலையால வர்ற ஆஸ்துமா உண்டு. "டாக்டர், ஞாயித்துக்கிழமை நல்லா இருக்கு, திங்கக்கிழமை வேலைக்குப் போனா இழுக்குது"ன்னு சொல்றவங்களை நம்ம பக்கம் எந்த டாக்டரும் பாத்திருப்பாங்க. அந்த ஆள் ஞாயித்துக்கிழமைதான் டூர் போறாரு. அன்னிக்கு மூச்சு நல்லா இருக்கு. நோ போடறாரு.

12.
ஆஸ்துமாவுல என்ன ஆபத்து? சின்ன மூச்சுக்குழாய்கள் சுருங்கி, சளி அடைச்சு, சில இடத்துல காத்து மாட்டிக்கும். மேல வர்றப்ப மத்த இடத்துக் காத்து வெளிய போகும், மாட்டினது போகாது, அங்கேயே விரியும். நீங்க ஒழுங்கா மூச்சு விட்டுக்கிட்டே வந்தாலும் சரி. பழைய டி.பி. தழும்பு, நுரையீரல்ல காத்துப் பை இருக்கறவங்களுக்கும் இதே கதை. தானா ஒரு தடவை நுரையீரல் சுருங்கினவங்க கடலுக்கு அடியில போகவே கூடாது. ஆஸ்துமா இருக்கற எல்லாருக்கும் தடை இல்ல. நல்ல கட்டுப்பாட்டுல இருந்து, மூச்சுத் திறன் டெஸ்ட் சரியா இருந்தா சிலரை அனுமதிக்கலாம். அதை முடிவு பண்ண வேண்டியது பீச்சுல பேனா நீட்டற பையன் இல்ல.

13.
இப்போ என் சொந்த இனத்துக்கு வர்றேன். டாக்டர்கள். வாட்ஸ்அப்புல "சார், ஒரு ஃபிட்னஸ் வேணும், நாளைக்கு பாண்டி போறோம்"னு கேட்டா, ஆளைப் பாக்காமலே லெட்டர்பேடுல "ஃபிட் ஃபார் டைவிங்" எழுதி போட்டோ எடுத்து அனுப்பறவங்க இருக்காங்க. ஸ்டெத்தை நெஞ்சுல வைக்கல. காதுக்குள்ள பாக்கல. மூக்கைப் பிடிச்சு ஊதச் சொல்லி செவிப்பறை அசையுதான்னு பாக்கல. இதை உதவின்னு சொல்லிக்காதீங்க டாக்டர். சர்டிபிகேட் தர உங்களுக்குத் தெரியலன்னா, தெரியலன்னு சொல்றதுதான் உதவி. தெரிஞ்சவங்ககிட்ட அனுப்புங்க.

14.
காது பத்தி தனியா. நம்ம பக்கம் சின்ன வயசுலேர்ந்து காதுல சீழ் வடியறவங்க நிறைய. செவிப்பறையில ஓட்டை இருந்தா குளிர்ந்த கடல் தண்ணி நேரா நடுக்காதுக்குள்ள போகும். தலை சுத்தும், எது மேல, எது கீழன்னு தெரியாது, வாந்தி வரும். எங்க? ரெகுலேட்டர் வாயில இருக்கறப்ப. சளி பிடிச்சிருக்கறப்ப மாத்திரை போட்டு மூக்கை திறந்துக்கிட்டு இறங்கறதும் தப்பு. மருந்து வேகம் கீழ இருக்கறப்பவே தீர்ந்துட்டா, மேல வர்றப்ப காத்து வெளிய வர வழி இல்லாம மாட்டிக்கும். டூர் போட்டாச்சுங்கறது காரணம் இல்ல. அன்னிக்கு கரையில உக்காருங்க.

15.
அடுத்தது காலண்டர். நமக்கு போனஸ் எப்போ? தீபாவளிக்கு. கம்பெனி நாலு நாள் லீவு எப்போ? தீபாவளிக்கு, பொங்கலுக்கு. கிழக்குக் கடற்கரையில வடகிழக்குப் பருவமழை எப்போ? அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும். அதாவது நம்ம கையில காசும் லீவும் இருக்கற நாள்லதான் கடல் ரொம்ப மோசமா இருக்கு. ஆத்துத் தண்ணி கலந்து கலங்கல், வாடைக் காத்து, அலை. கீழ போனா கை நீட்டினா விரல் தெரியாது. அந்த நாள்லயும் "இன்னிக்கு சூப்பரா இருக்கு சார்"னு சொல்ற போட் இருக்கத்தான் செய்யுது.

16.
அப்போ யாரைக் கேக்கறது? மீனவங்களைக் கேளுங்க. காலையில துறைமுகத்துக்கோ குப்பத்துக்கோ போய் "அண்ணே, இன்னிக்குக் கடல் எப்படி?"ன்னு கேட்டா உண்மையைச் சொல்வாங்க. அவங்களுக்கு உங்க ஜிபே வேண்டாம். ஃபைபர் போட் எல்லாம் மணல்ல ஏத்தி வெச்சிருக்குன்னா, அவங்க பொழப்பையே விட்டுட்டு உக்காந்திருக்காங்கன்னு அர்த்தம். அவங்க போகாத கடலுக்கு நீங்க ஏன் போகணும்? ஒரே விதிவிலக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போ விசைப்படகு நிக்கறது கடலுக்கு பயந்து இல்ல, மீன் இனப்பெருக்கத்துக்கு. அந்த வித்தியாசம் தெரிஞ்சுக்கோங்க.

17.
துறைமுகத்துல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்திட்டாங்கன்னு ரேடியோவுல சொன்னா, அது 1ம் எண்ணா இருந்தாலும் அன்னிக்கு ட்ரிப் கிடையாது. ஹைதராபாத்துல இருக்கற இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், நீரோட்டம் எல்லாம் தினமும் இலவசமா வெளியிடறாங்க. படகுக்காரர்கிட்ட "இன்னிக்கு இன்காய்ஸ் என்ன சொல்லுது?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. அவர் முழிச்சா, உங்களுக்கு பதில் கிடைச்சாச்சு.

18.
படகுக்கு வருவோம். பல இடத்துல ஸ்கூபாவுக்குப் போறது மீன்பிடி ஃபைபர் போட்லதான். அது கேவலம்னு நான் சொல்ல மாட்டேன். அந்தக் கடலை அந்த ஓட்டுனரை விட நல்லா தெரிஞ்சவங்க யாரும் கிடையாது. எந்த இடத்துல வலை கிடக்கு, எப்போ நீரோட்டம் திரும்பும்னு கருவி இல்லாம சொல்வாங்க. அவங்க படகைச் சாமியா மதிக்கறவங்க, செருப்போட ஏறினா பல பேருக்கு மனசு சங்கடப்படும். ஷூ ஊர்க்காரங்க நாம அதைக் கழட்டிட்டு ஏறறதுல ஒண்ணும் குறைஞ்சுட மாட்டோம். மரியாதையா பேசுங்க.

19.
ஆனா நல்ல ஓட்டுனர் இருக்கறது மட்டும் போதாது. மீன் பிடிக்கக் கட்டின படகுல, டைவிங்குக்கு வேண்டியதைச் சேர்த்தாதான் அது டைவ் போட். தண்ணியிலேர்ந்து சோர்ந்து வர்றவங்க ஏற ஏணி. ஆள் இறங்கறப்பவும் ஏறறப்பவும் இன்ஜின் நியூட்ரல், முடிஞ்சா ஆஃப். இறக்கை வெட்டினா தையல் போட எங்களுக்கு மிச்சம் எதுவும் இருக்காது. கீழ ஆள் இருக்காங்கன்னு மத்த படகுக்குக் காட்டற கொடி. வலையில மாட்டினா அறுக்க கத்தி. எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட். சீட்டுக்கு அடியில கட்டி வெச்சது கணக்குல வராது.

20.
லைஃப் ஜாக்கெட், ஆள் கணக்குன்னா சலிச்சுக்கறோம். கொஞ்சம் பின்னாடி பாருங்க. 2009 செப்டம்பர் 30, தேக்கடி, 45 பேர். 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு நம்ம பழவேற்காடு, 22 பேர். 2023 மே 7, கேரளா தானூர், மறுபடியும் 22 பேர். தானூர்ல அது சுற்றுலாப் படகா மாத்தின மீன்பிடிப் படகு, அளவுக்கு மீறி ஆள். இதுல யாரும் ஸ்கூபா பண்ணல, ஆழத்துக்குப் போகல. சும்மா சுத்திப் பாக்கப் போனவங்க. கடலுக்கு அடியில போறதுக்கு முன்னாடியே படகே ஆளைக் கொல்லும்.

21.
"இதெல்லாம் நம்ம ஊர்லதான், வெளிநாட்டுல பக்காவா இருக்கும்"னு சொல்றவங்களுக்கு: 1998 ஜனவரி 25, ஆஸ்திரேலியா, கிரேட் பேரியர் ரீஃப். டைவிங் போன டாம், எய்லீன் லோனர்கன் தம்பதியை கடல்லயே விட்டுட்டு படகு கரைக்கு வந்துடுச்சு. தலை எண்ணினதுல தப்பு. ரெண்டு பேர் குறையறாங்கன்னு தெரியவே ரெண்டு நாள் ஆச்சு. அவங்க கிடைக்கவே இல்ல. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா, பேர் கூப்பிட ஒரு வாய். இவ்ளோதான் அன்னிக்குத் தேவைப்பட்டது.

22.
2019 செப்டம்பர் 2, அமெரிக்காவுல கலிபோர்னியா. 'கன்செப்ஷன்'னு ஒரு டைவ் படகு, ராத்திரி தீப்பிடிச்சு கீழ்த்தளத்துல தூங்கின 34 பேர் செத்தாங்க. ராத்திரி சுத்திவந்து பாக்க காவலுக்கு ஆள் போடல. கேப்டனுக்கு 2024-ல 4 வருஷம் சிறை. அங்க விதி இருந்துச்சு, யாரும் கடைப்பிடிக்கல. ஆனா கடைப்பிடிக்காதவர் ஜெயிலுக்குப் போனாரு. நம்ம கடற்கரையில படகு விபத்துக்கு அப்புறம் நாலு நாள் எல்லா படகையும் நிறுத்தறாங்க, அஞ்சாவது நாள் மறுபடியும் ஓடுது. இது கண்காணிப்பு இல்ல, துக்கம் அனுசரிக்கறது.

23.
"டாக்டருங்கன்னாலே பயமுறுத்துவாங்க, அந்தக் காலத்துலேர்ந்து தூத்துக்குடியில சங்கு குளிக்கறவங்க என்ன ஃபாரம் நிரப்பினாங்க?" இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். வரட்டும். மூச்சடக்கி முங்கறதும் சிலிண்டர் காத்தை சுவாசிக்கறதும் வேற வேற. கரையில இழுத்த மூச்சு கீழ சுருங்கும், மேல வந்தா பழைய அளவுக்குத்தான் வரும், அதைத் தாண்டி விரியாது. அவங்கள்லயே கம்ப்ரஸர் குழாய் வாயில வெச்சு இறங்கற பழக்கம் வந்தப்புறம் வாதம் வந்து நடை போனவங்க இருக்காங்க. அவங்க பிழைப்புக்கு அந்த விலை கொடுக்கறாங்க. நீங்க ரீலுக்குக் கொடுக்கணுமா?

24.
இன்னொரு வாதம்: "இவ்ளோ கேட்டா விலை ஏறும், அப்புறம் காசு இருக்கறவங்க மட்டும்தான் கடல் பாப்பாங்க." இதை நான் லேசா தள்ள மாட்டேன். தையல் மெஷின்ல உக்கார்ற பொண்ணுக்கும் கடலுக்கு அடியில பாக்கற உரிமை உண்டு. ஆனா தலை எண்ண காசு ஆகாது. ஃபாரத்தை உண்மையா நிரப்ப காசு ஆகாது. மோசமான கடல்ல போகாம இருக்க காசு ஆகாது. காசு ஆகறது ஆக்சிஜன் சிலிண்டருக்கும் போதுமான இன்ஸ்ட்ரக்டருக்கும்தான். அதைக் குறைச்சு விக்கற மலிவு விலை ஏழைக்கு உதவி இல்ல. பாதுகாப்பு இல்லாத வேலை ஏழைக்கு, பாதுகாப்பு இல்லாத பொழுதுபோக்கும் ஏழைக்கான்னுதான் நான் கேக்கறேன்.

25.
நம்ம பெல்ட்டுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். 2015 ஜனவரி 31, ராணிப்பேட்டை சிப்காட், தோல் கழிவுநீர் பொது சுத்திகரிப்பு நிலையத்துல கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு 10 தொழிலாளிங்க செத்தாங்க. தோல் தொட்டிக்குள்ள விஷவாயுன்னு தெரியாம இறங்கினவங்க, அவங்களைத் தூக்கப் போய் செத்தவங்க கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். 'இறங்கறதுக்கு முன்னாடி உள்ள காத்து எப்படின்னு பாரு.' தொட்டிக்கு இதுதான் முதல் பாடம். சிலிண்டருக்கும் அதேதான். கம்ப்ரஸர் காத்து இழுக்கற வாய், டீசல் புகை வர்ற இடத்துக்குப் பக்கத்துல இருந்தா உள்ள போறது கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது. ஆழத்துல அதோட வீரியம் கூடும்.

26.
ஆக்சிஜன். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் தலைப்பே. டைவிங் விபத்துல முதல் மருந்து 100 சதவீத ஆக்சிஜன், படகுலயே, அந்த நிமிஷமே. ஆளைப் படுக்க வைக்கணும், சூடா வெச்சுக்கணும். "மறுபடியும் கீழ கொண்டு போனா சரியாயிடும்"ங்கறது கொலை. டைவிங் சிலிண்டர்ல இருக்கறது சாதாரண காத்து, ஆக்சிஜன் கிடையாது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. "ஆக்சிஜன் கிட் காட்டுங்க"ன்னு கேளுங்க. "ஆபீஸ்ல இருக்கு சார்"னு சொன்னா, ஆபீஸ்லயே டைவ் அடிச்சுக்கறோம்னு சொல்லிட்டு வாங்க.

27.
குமிழி நோய்க்கு முழு வைத்தியம் அழுத்த அறை. நேவி ஆஸ்பத்திரிகள்ல இருக்கு. சில தனியார் ஆஸ்பத்திரிகள்ல சர்க்கரைப் புண்ணுக்கு வெச்சிருக்காங்க, ஆனா எல்லா இடத்துலயும் ராத்திரி ரெண்டு மணிக்கு டைவிங் கேஸை எடுத்துக்க மாட்டாங்க. அதனால போறதுக்கு முன்னாடியே படகுக்காரரைக் கேளுங்க: "ஏதாவது ஆனா எந்த அறைக்குக் கொண்டு போவீங்க, எவ்ளோ நேரம் ஆகும்?" கடல்ல ஆபத்துன்னா கடலோரக் காவல்படை 1554. கரைக்கு வந்தா 108. ரெண்டையும் போன்ல சேவ் பண்ணுங்க.

28.
திரும்பி வர்ற வழி. ஒரே ஒரு டைவ் பண்ணினா குறைஞ்சது 12 மணி நேரம், பல நாள் பல டைவ்னா 18 மணி நேரம் விமானம் கூடாதுங்கறது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் வழிகாட்டுதல். இது மலைக்கும் பொருந்தும், சுமார் 600 மீட்டருக்கு மேல. நம்ம ஏலகிரி 1,000 மீட்டருக்கு மேல. பெங்களூரு 900 மீட்டர். காலையில பாண்டியில டைவ், சாயங்காலம் ஏலகிரியில ரிசார்ட்டுன்னு பேக்கேஜ் போடறவங்க, போறவங்க, ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. ஒரு ராத்திரி கீழ தூங்கிட்டு ஏறுங்க.

29.
ஒரே ஒரு தடவை 10 மீட்டர் இறங்கினதுல குமிழி நோய் அபூர்வம்தான், பயப்பட வேண்டாம். ஆனா வீட்டுக்கு வந்தப்புறம் மூட்டு வலி, கை கால் மரத்துப்போறது, பலவீனம், தலைசுத்தல், ஒண்ணுக்கு வராம இருக்கறது, நெஞ்சு வலி, இருமல்ல ரத்தம், இதுல எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. போய் முதல் வாக்கியமா "நான் ஸ்கூபா பண்ணிட்டு வந்தேன்"னு சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா வேலூர்ல ராத்திரி டூட்டி டாக்டருக்கு கடல் ஞாபகம் வராது. இடுப்பு டிஸ்க்குன்னு ஊசி போட்டு அனுப்பிடுவாங்க.

30.
சின்னச் சின்ன விஷயம், ஆனா முக்கியம். ஞாயித்துக்கிழமை காலையில ஆம்பூர் பிரியாணி நம்ம பிறப்புரிமை, ஒத்துக்கறேன். படகு ஏறற அன்னிக்கு வேண்டாம். ரெண்டு இட்லி போதும். முந்தின நாள் ராத்திரி பாண்டியில சரக்கு அடிச்சிட்டு, மறுநாள் காலையில உடம்புல தண்ணி இல்லாம டைவ் அடிக்காதீங்க. கர்ப்பமா இருந்தா, இருக்கலாமோன்னு சந்தேகம் இருந்தாலும், இறங்காதீங்க. கீழ பவளம், ஆமை, மீன் எதையும் தொடாதீங்க.

31.
ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க. போன்ல கேக்க வேண்டியது:
— இன்ஸ்ட்ரக்டர் சர்டிபிகேட் நம்பர் என்ன?
— ஒரு ஆளுக்கு எத்தனை பேர்?
— எவ்ளோ ஆழம்?
— படகுல ஆக்சிஜன் இருக்கா? குடுக்கத் தெரிஞ்சவர் யாரு?
— மெடிக்கல் ஃபாரத்தை முந்தின நாளே அனுப்புவீங்களா?
— முதல்ல நீச்சல் குளத்துலயோ ஆழமில்லாத தண்ணியிலயோ பயிற்சி உண்டா?
— கடல் சரியில்லன்னா பணம் திரும்பக் கிடைக்குமா?
கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். பணம் திருப்பித் தராத படகு, கடல் எப்படி இருந்தாலும் உங்களை ஏத்தும்.

32.
படகுல பாக்க வேண்டியது: தலை எண்ணி, பேர் எழுதறாங்களா? ஏணி, கொடி, லைஃப் ஜாக்கெட் இருக்கா? சிலிண்டர் தோள்ல அடிச்சிருக்கற சோதனைத் தேதி என்ன? ரெகுலேட்டர்ல மூச்சு இழுத்தா எண்ணெய் வாசனை, புகை வாசனை வருதா? கை சைகைகளை நிதானமா சொல்லித் தந்தாங்களா? "மூச்சை மட்டும் அடக்காதீங்க"ன்னு ஒரு தடவையாவது சொன்னாங்களா? இதையெல்லாம் கேட்டா கோவப்படற ஆள்கிட்ட உயிரைக் குடுக்காதீங்க. நல்ல இன்ஸ்ட்ரக்டருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். அவரே ரெண்டு கேள்வி சேர்த்து சொல்லுவாரு.

33.
அரசுக்கு ஒரே ஒரு கோரிக்கை. ஸ்கூபாவுக்கு ஆள் ஏத்தற ஒவ்வொரு படகுலயும் ஆக்சிஜன், பயணிகள் பதிவேடு, எத்தனை பேர் ஏறலாம்ங்கற எண்ணிக்கை, இது மூணும் வெளிய தெரியற மாதிரி பெயிண்ட்ல எழுதி இருக்கணும். ஷேர் ஆட்டோவுலயே எத்தனை பேர்னு எழுதி இருக்கு. கடலுக்குப் போற படகுல ஏன் கூடாது? விபத்து நடந்து நாலு நாள் கழிச்சு இல்ல, அடுத்த தீபாவளிக்கு முன்னாடி.

34.
உங்களுக்கு ஒரு கோரிக்கை. அடுத்த தடவை கம்பெனி வாட்ஸ்அப் குரூப்புல யாராவது "பாண்டி ஸ்கூபா, தலைக்கு இவ்ளோ, வீடியோ ஃப்ரீ"ன்னு போட்டா, கீழ ஒரே வரி எழுதுங்க: "ஆக்சிஜன் இருக்கா?" பத்து பேர் கேட்டா அந்த படகுக்காரர் வாங்கி வெப்பாரு. வியாபாரம் நமக்குத் தெரியாததா? வாங்கறவன் தரம் கேட்டா விக்கறவன் தரம் குடுப்பான். ஆஸ்துமா, காது, பழைய டி.பி. பத்தி சந்தேகம் இருந்தா உங்க டாக்டரை நேர்ல பாருங்க, போட்டோவுல இல்ல. பத்திரமா போயிட்டு வாங்க. மீன் பாத்த கதையை கமெண்ட்ல எழுதுங்க.